ஆர் கெட்டிக்காரன்? சுடும் கேம்களில் திறமைக்கு ஒரு சின்ன வரலாறு

ஹொஸ்டலில் இரவு பதினொரு மணிக்குப் பிறகு தொடங்குகிற விவாதங்களில் பாதி அரசியல், கால்வாசி சினிமா, மிச்சம் கேம். போன செமஸ்ரரில் ஒருநாள் எங்கட அறையில் ஒரு அண்ணை இப்படித் தொடங்கினார்: "வலோரன்ட் எல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு. கவுன்டர் ஸ்ரைக் 1.6 விளையாடினவனுக்குத்தான் உண்மையான ஸ்கில் இருக்கு." உடனே முதலாம் வருசத் தம்பி ஒருவன், "அண்ணை, கோல் ஒஃப் டியூட்டி மொபைலை நாலு விரலால விளையாடிப் பாருங்கோ, அப்ப தெரியும்" என்றான். மூலையில் படுத்திருந்த இன்னொருவர் எழும்பி, "குவேக் எண்டு ஒரு கேம் இருந்தது, ரெண்டு பேரும் கேள்விப்பட்டிருக்கிறியளோ?" என்று கேட்டார். இரவு இரண்டு மணிவரை முடிவு வரவில்லை.

வழக்கமாக இந்தச் சண்டையில் ஆளாளுக்குத் தான் பழகிய கேமைத்தான் கடினமானது என்று சொல்லுவார்கள். நாங்களும் அப்படித்தான். ஆனால் வரலாறு படிக்கிற பிள்ளைகள் என்று பெயர் எடுத்துவிட்டதால், இந்தக் கேள்வியையே ஒரு வரலாறாகப் பார்த்தால் என்ன என்று யோசித்தோம். பலர் ஒரே நேரத்தில் மோதும் முதல்நபர் சுடும் கேம்களில், அதாவது திரையில் நாங்கள் காண்பது எங்கட கண்ணாகவும் கையாகவும் இருக்கிற கேம்களில், திறமை என்று எதைச் சொன்னார்கள்? அது எங்கிருந்து வந்தது? அதைப் பழக ஆருக்கு வாய்ப்புக் கிடைத்தது? தேடிக்கொண்டு போகேக்க, மூன்றாவது கேள்விதான் எங்களை அதிகம் பிடித்து நிறுத்தியது.

கண்ணாக இருந்த மனிதர்கள்

இந்த வகைக்கு முதல் ஆள் என்று பொதுவாகச் சொல்லப்படுவது மேஸ் வோர். 1973, 1974 காலப்பகுதியில், அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் வேலை பழகிய மாணவர்கள் உருவாக்கியது. ஸ்டீவ் கொலி என்பவர் கோடுகளால் ஒரு புதிர்ப்பாதை வரைந்தார். பிறகு இரண்டு இம்லாக் கணினிகளை வயரால் இணைத்தார்கள். எதிராளி திரையில் ஒரு பெரிய கண்ணாகத் தெரிவார். ஒவ்வொரு கட்டமாக நகரலாம், செங்கோணத்தில் மட்டும் திரும்பலாம். இங்கே குறிபார்ப்பது என்று ஒன்று கிடையாது. எதிராளி எந்த மூலையில் இருந்து வருவார் என்று முன்கூட்டி நினைப்பதுதான் முழுத் திறமையும். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கோ. கையைவிட மூளை முந்திப் பிறந்திருக்கிறது.

அடுத்த பெரிய திருப்பம் 1993 டிசம்பர் 10. ஐடி சொஃப்ட்வெயார் நிறுவனம் டூம் கேமை வெளியிட்டது. நாலு பேர்வரை ஒரே வலையமைப்பில் மோதலாம். ஜோன் ரொமேரோ இதற்கு வைத்த பெயர்தான் "டெத்மச்". அலுவலகங்களிலும் கம்பஸ்களிலும் இதை விளையாடி வலையமைப்பே நெரிபட்டதால் சில இடங்களில் தடையும் போட்டார்கள்.

டூமில் மேலேயோ கீழேயோ குறிபார்க்க முடியாது, கேமே அதைப் பார்த்துக்கொள்ளும். துள்ளவும் ஏலாது. அப்ப கடினம் எங்கே? ஓட்டத்தில். முன்னுக்குப் போகிற விசையையும் பக்கத்துக்குப் போகிற விசையையும் ஒரே நேரத்தில் அழுத்தினால், கேம் இரண்டையும் அப்படியே கூட்டிவிடும். ஓ.எல். விஞ்ஞானத்தில் விளையுள் விசை படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மூலைவிட்டமாக ஓடுகிறவர், நேரே ஓடுகிறவரைவிட நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடிய வேகத்தில் போவார். எழுதியவர்கள் இதைத் திட்டமிட்டு வைக்கவில்லை. ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள், பழகினார்கள். பிறகு அது தெரியாதவர் தோற்றார்.

திறமையின் வரலாறு இப்படித்தான் போகிறது: நிரலில் ஒரு பிழை, அதை ஆரோ ஒருவர் கவனிப்பது, பிறகு ஆயிரம் பேர் அதை மாதக்கணக்கில் பழகுவது.

பிழையில் பிறந்த ஓட்டம்

1996 ஜூன் மாதம் குவேக் வந்தது. இதில் களம் உண்மையிலேயே முப்பரிமாணம். மேலே, கீழே, பின்னே என்று எங்கேயும் எதிரி இருக்கலாம். கீபோர்ட்டால் மட்டும் விளையாடியவர்களின் காலம் இங்கேதான் முடிந்தது. வலது கையில் மவுஸ், இடது கையில் டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நாலு விசைகள் என்ற முறை பரவத் தொடங்கியது. இன்றைக்கு நாங்கள் எல்லாரும் யோசிக்காமல் விரல் வைக்கிற அந்த நாலு விசைகளைப் பிரபலமாக்கியவர் என்று பலராலும் சொல்லப்படுபவர் திரெஷ். உண்மைப் பெயர் டெனிஸ் ஃபொங். ஹொங்கொங்கில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர்.

1997இல் ரெட் அனிஹிலேஷன் என்ற குவேக் போட்டி நடந்தது. தகுதிச் சுற்றுகள் இணையத்தில், இறுதிப் போட்டி அட்லாண்டாவில் இ3 கண்காட்சியில். பரிசு, குவேக்கின் இயந்திரத்தை எழுதிய ஜோன் கார்மக்கின் சொந்த ஃபெராரி 328 ஜிடிஎஸ் கார். 20 வயது திரெஷ் அதை வென்றுகொண்டு போனார். அவர் சுடுவதில் மட்டும் விண்ணர் இல்லை. எதிராளி அடுத்து எங்கே வருவார் என்பதை முன்கூட்டிச் சொல்கிறவர் என்ற பெயர்தான் அவருக்கு அதிகம். மேஸ் வோரில் பார்த்த அதே மூளை.

அதே வருசம் இன்னொன்றும் நடந்தது. டூமையும் குவேக்கையும் வடிவமைத்தவர்களில் ஒருவரான ரொமேரோவை, கில்கிரீக் என்ற பெயரில் விளையாடிய ஸ்டீவி கேஸ் என்ற இளம்பெண் குவேக் மச்சில் தோற்கடித்தார். கேமைச் செய்தவருக்கே அந்தக் கேம் சொந்தம் இல்லை, பழகியவருக்குத்தான் சொந்தம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

குவேக்கிலும் ஒரு பிழை இருந்தது. அதைக் கொஞ்சம் விளக்கத்தான் வேணும், ஏனென்றால் எங்கட கட்டுரையின் பாதி அதில்தான் நிற்கிறது. வானில் இருக்கும்போது ஆட்டக்காரரின் வேகம் எல்லை தாண்டக்கூடாது என்று கேம் பார்க்கிறது. ஆனால் முழு வேகத்தையும் அது அளப்பதில்லை. நாங்கள் எந்தத் திசைக்கு விசையை அழுத்துகிறோமோ, அந்தத் திசையில் உள்ள வேகத்தை மட்டும்தான் அளக்கிறது. அப்ப, பக்கத்துக்கு அழுத்திக்கொண்டு மவுஸை மெதுவாக அதே பக்கம் திருப்பினால், கேம் "இந்தத் திசையில் வேகம் குறைவுதானே" என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஆர்முடுகலைக் கொடுக்கும். நிலத்தைத் தொட்டவுடன் திரும்பத் துள்ளினால் உராய்வு பிடிக்காது. இப்படியே துள்ளித் துள்ளி, எல்லை என்று போட்டதைவிடப் பல மடங்கு வேகம் எடுக்கலாம்.

குவேக் 3 தயாராகும்போது கார்மக் இந்த வகைத் துள்ளலைத் திருத்தப் பார்த்தார். அது ஒரு பிழை, ஆட்கள் கஷ்டப்பட்டுப் பழகினார்கள் என்பதற்காகச் சரியாகிவிடாது என்பதுதான் அவருடைய நிலைப்பாடு. ஆனால் திருத்தியபோது சாதாரண ஓட்டமே கெட்டுப்போனது. பழையபடி விட்டுவிட்டார். 1999 டிசம்பரில் குவேக் 3 அரீனா வெளிவந்தது. அந்தப் பிழையை வைத்து ஒரு கலையே வளர்ந்தது. டிஃப்ராக் என்ற மொட்டில் சுடுவதற்கு எதிரி தேவையில்லை. துள்ளி ஓடி ஆர் முதலில் முடிக்கிறார் என்பதுதான் போட்டி.

இது குவேக்குக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. 1998இல் வந்த ஸ்டார்சீஜ்: ட்ரைப்ஸ் கேமில், மலைச்சரிவில் துள்ளல் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் உராய்வு பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகலாம் என்று ஆட்கள் கண்டுபிடித்தார்கள். அதுவும் திட்டமிடாத ஒன்று. பின்வந்த ட்ரைப்ஸ் கேம்களில் வழுக்குவதற்கென்றே தனி விசை கொடுத்தார்கள். ஒரு இடத்தில் பிழை பிழையாகவே தங்கியது, இன்னொரு இடத்தில் சட்டமாகியது.

இரண்டு பேர், பத்து நிமிசம்

"குவேக் தெரியுமோ" என்று கேட்டவர் எங்களுக்குப் பழைய மச் ஒன்றைப் போட்டுக்காட்டினார். இரண்டு பேர் மட்டும் மோதுகிற டூயல். முதல் தடவை பார்த்தபோது ஒன்றும் விளங்கவில்லை. வேகமாக ஓடுகிறார்கள், எப்போதாவது சுடுகிறார்கள். "இதில என்ன இருக்கு?" என்று தம்பி கேட்டான்.

என்ன இருக்கிறது என்று எழுதிப் பார்ப்போம். களத்தில் சில பொருட்கள் இருக்கின்றன. சிவப்புக் கவசத்தை ஒருவர் எடுத்தால் அது 25 செக்கனில் திரும்ப வரும். மெகா ஹெல்த் 35 செக்கனில் வரும். இரண்டையும் தன் கையில் வைத்திருப்பவரைக் கொல்வது மிகக் கடினம். ஆகவே மச் நேரம் 3:12இல் கவசம் எடுத்தால் 3:37இல் அங்கே நிற்க வேணும். 3:20இல் மெகா எடுத்தால் 3:55இல் இங்கே நிற்க வேணும். இந்த இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகிக்கொண்டே போகும். நேரத்தை மனதில்தான் வைத்திருக்க வேணும். எதிராளிக்கும் அதே கணக்குத் தெரியும். ஆகவே அவர் அந்த நேரத்துக்கு வருவாரா, வருகிற மாதிரிக் காட்டிவிட்டு வேறு பக்கம் போவாரா என்பதையும் சேர்த்து யோசிக்க வேணும்.

இதற்கு நடுவில் ஆயுதங்கள். ரெயில்கன் உடனே போய்ப் படும், ஆனால் அடுத்த சூட்டுக்கு ஒன்றரை செக்கன் காத்திருக்க வேணும். மின்னல் துப்பாக்கிக்குக் குறியை எதிராளிமேல் தொடர்ந்து ஒட்டவைத்திருக்க வேணும். ரொக்கெட் செக்கனுக்கு 900 அலகுதான் போகும், ஆள் சாதாரணமாக ஓடினாலே செக்கனுக்கு 320 அலகு. ஆகவே ரொக்கெட்டை எதிராளி நிற்கிற இடத்துக்கு அடிப்பதில் பிரயோசனம் இல்லை. அவர் நிற்கப்போகிற இடத்துக்கு அடிக்க வேணும். மூன்று ஆயுதம், மூன்று விதமான கை.

செத்தால் என்ன? திரும்பப் பிறக்கும்போது கையில் ஒரு சின்ன இயந்திரத் துப்பாக்கிதான் இருக்கும். எதிராளி கவசத்தோடும் ரொக்கெட்டோடும் தேடிக்கொண்டு வருவார். கூட விளையாடுகிற ஒருவர் மேல் பழி போட ஏலாது. "என்ர ரீம் சரியில்லை" என்ற வசனம் குவேக் டூயலில் கிடையாது. ரஷ்யாவின் கூலர், பெலாரசின் சைஃபர், அமெரிக்காவின் ராஃபா போன்ற ஆட்களை அந்த வட்டத்தில் இன்றும் மரியாதையோடு பேசுவது இதனால்தான்.

பிறகு சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் எதிராளி கவசம் எடுத்தால் அந்தச் சத்தம் கேட்கும். எந்தப் பொருள், எந்தப் பக்கம், என்ன நேரம் என்று காதால் குறித்துக்கொள்ள வேணும். சத்தம் என்றதும் எங்களில் பலருக்கு ஒரே ஞாபகம்தான் வந்தது. வீட்டில் ஸ்பீக்கரில் போட்டு விளையாடினால் அம்மா அறைக் கதவைத் திறந்து, "அந்த வெடிச் சத்தத்தைக் கொஞ்சம் நிப்பாட்டு" என்பா. கேம் என்று தெரியும் அவவுக்கு. எண்டாலும் கேட்க ஏலாது. நாங்கள் ஹெட்ஃபோன் போடத் தொடங்கியது கெட்டிக்காரராக வர வேணும் என்பதற்காக இல்லை.

நின்று சுடுகிற கேம்

குவேக் 3 வந்த அதே 1999இல், ஜூன் மாதம், ஹாஃப் லைஃப் கேமுக்கு ஒரு மொட் வெளியானது. செய்தவர்கள் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு பேர். மின் லே கனடாவில் படித்துக்கொண்டிருந்த, வியட்நாமியக் குடும்பத்துப் பல்கலைக்கழக மாணவர். எங்களை மாதிரித்தான், படிக்க வேண்டிய நேரத்தில் இதைச் செய்திருக்கிறார். அந்த மொட்தான் கவுன்டர் ஸ்ரைக். 2000 நவம்பரில் வால்வ் நிறுவனம் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது.

குவேக்கில் இருந்து வந்தவர்களுக்கு இது ஒரு பின்னடைவு மாதிரித் தெரிந்திருக்கும். ஓடிக்கொண்டு சுட்டால் குண்டு எங்கேயோ போகும். நின்றுதான் சுட வேணும். நிற்கவும் சும்மா விசையை விட்டால் போதாது. எதிர்ப்பக்க விசையை ஒரு கணம் தட்டினால்தான் உடனே நிற்கும். ஏகே 47இன் முதல் குண்டு தலையில் பட்டால் தலைக்கவசம் போட்டவரும் விழுவார். பிறகு வருகிற குண்டுகள் மேலே ஏறிப் பக்கத்துக்கு அலையும், அதை மவுஸால் எதிர்த்திசைக்கு இழுத்துப் பழக வேணும். துள்ளி வேகம் எடுக்கிற பழைய வித்தையை வால்வ் பின்னைய பதிப்புகளில் அடைத்துவிட்டது. கார்மக் திருத்த நினைத்து விட்டதை இவர்கள் திருத்தினார்கள்.

அப்ப கடினம் குறைந்ததா? இல்லை, இடம் மாறியது. முதலாவது, ஒரு சுற்றில் செத்தால் அந்தச் சுற்று முடியும்வரை பார்த்துக்கொண்டுதான் இருக்க வேணும். ஒரு பிழையின் விலை கூடியது. இரண்டாவது, காசு. 800 டொலரோடு தொடங்கி, வென்றதற்கும் தோற்றதற்கும் வருகிற காசை எண்ணி, இந்தச் சுற்றில் நல்ல துப்பாக்கி வாங்குவதா, சேர்த்துவைப்பதா என்று ஐந்து பேரும் ஒன்றாக முடிவெடுக்க வேணும். ஒருவர் மட்டும் வாங்கினால் ஐந்து பேரும் நட்டப்படுவார்கள். மூன்றாவது, தகவல். குண்டை அகற்றக் கருவிப்பெட்டி இருந்தால் 5 செக்கன், இல்லாவிட்டால் 10 செக்கன். எதிரணியில் ஆரிடம் பெட்டி இருக்கிறது என்று தெரிந்தவர் அந்த ஐந்து செக்கனை வைத்து மச்சையே வெல்லலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: ஐந்து பேர் கொண்ட அணியில் ஒருவர் பலவீனமாக இருந்தாலும் அவருக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரு பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், புகைக்குண்டு எறியலாம், "ரெண்டு பேர் வாறாங்கள்" என்று கத்தலாம். குவேக் டூயலில் புதிதாய் வருகிற ஒருவருக்கு இருக்கிற ஒரே வேலை சாவதுதான்.

தானே கட்டிய மதில்

இங்கேதான் எங்கட அறையில் சண்டை கொஞ்சம் சூடானது. குவேக் அவ்வளவு கடினம் என்றால் ஏன் இப்ப ஒருத்தரும் விளையாடுவதில்லை? "அதுதான் அது கடினம் எண்டதுக்கு ஆதாரம்" என்றார் மூலையில் இருந்தவர். அண்ணை விடவில்லை. "அப்ப அதில வெண்டதுக்கு என்ன அர்த்தம்? நூறு பேருக்குள்ள முதலாவதா, பத்து லட்சம் பேருக்குள்ள முதலாவதா?"

அண்ணை கேட்டது நியாயமான கேள்வி. 2010இல் குவேக் 3இன் தொடர்ச்சியாக குவேக் லைவ் வந்தது, அதுவும் இலவசமாக. புதிதாக வருகிறவர் பத்து வருசம் துள்ளிப் பழகியவரிடம் அடிவாங்குவார், இரண்டு நாளில் போய்விடுவார். 2014இல் இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள். விசையை அழுத்திக்கொண்டிருந்தாலே தொடர்ந்து துள்ளும் வசதி, பொருள் திரும்ப வரும் நேரத்தைக் காட்டும் அடையாளம், தொடங்கும்போதே ஆயுதம் தெரிவுசெய்யும் முறை என்பன வந்தன. பழையவர்கள் கோபப்பட்டார்கள். நாங்கள் வருசக்கணக்காக மனதில் எண்ணிப் பழகிய கணக்கை இப்ப கேமே காட்டுதோ என்று. புதியவர்களும் திரண்டு வந்துவிடவில்லை. திறமை ஒரு மதில் மாதிரி உயர்ந்து நின்றது. உள்ளே இருந்தவர்களுக்கு அது பெருமை, வெளியே நின்றவர்களுக்கு வாசல் தெரியவில்லை.

மறுபக்கம் கவுன்டர் ஸ்ரைக்கின் புதிய வடிவம், 2012இல் வந்த குளோபல் ஒஃபென்சிவ், 2023 மே மாதத்தில் ஒரே நேரத்தில் 18 லட்சம் பேர் விளையாடுகிற அளவுக்கு வளர்ந்தது. அத்தனை பேர் ஏறுகிற மலையின் உச்சியில் நிற்பவரின் திறமையைக் குறைத்து மதிப்பிட ஏலாது. ஒவ்வொரு மூலையையும், ஒவ்வொரு புகைக்குண்டு எறியும் இடத்தையும் இத்தனை லட்சம் பேர் ஆராய்ந்து முடித்த பிறகும் அவர் வெல்கிறார்.

ஒன்றைச் சொல்ல வேணும். அடிப்படைத் திறமை ஒரு கேமோடு ஒட்டியிருப்பதும் இல்லை. ஃபேட்டலிட்டி என்ற பெயரில் விளையாடிய ஜொனதன் வெண்டல் குவேக் 3, அன்ரியல் டோர்னமென்ட் 2003, டூம் 3 என்று வேறு வேறு கேம்களில் பட்டம் வென்றவர். 2005இல் பெயின்கில்லர் கேமின் உலகச் சுற்று இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் வூவைத் தோற்கடித்து 1,50,000 டொலர் எடுத்தார். கேம் மாறினாலும் நேரத்தை எண்ணுவதும் எதிராளியைப் படிப்பதும் மாறவில்லை.

நம்ப மறுத்த கண்கள்

2016 மே மாதம் ஓவர்வொச் வந்தது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித் திறன். குறிபார்க்கவே தேவையில்லாத பாத்திரங்களும் உண்டு. "இதெல்லாம் ஒரு ஸ்கிலா?" என்று கேட்டவர்கள் பலர். ஆனால் அந்தக் கேமில் நடந்த ஒரு சம்பவம்தான் திறமை பற்றி எங்களை அதிகம் யோசிக்க வைத்தது.

தென்கொரியாவில் கெகுரி என்ற பெயரில் விளையாடிய கிம் செ யொன், அப்போது 17 வயது. சாரியா என்ற பாத்திரத்தில் அவருடைய குறி அவ்வளவு துல்லியம். எதிரணியினர் அவர் ஏமாற்று மென்பொருள் பாவிக்கிறார் என்று குற்றம் சாட்டினார்கள். அவர் ஒரு ஸ்டூடியோவில், கையும் மவுஸும் கமராவில் தெரிய, நேரலையில் விளையாடிக் காட்டினார். ஏமாற்று எதுவும் இல்லை. 2018இல் ஷங்காய் டிராகன்ஸ் அணியில் சேர்ந்து, ஓவர்வொச் லீக்கில் விளையாடிய முதல் பெண் ஆனார்.

ஒரு பெடியன் அப்படிச் சுட்டிருந்தால் "விண்ணன்" என்றிருப்பார்கள். ஒரு பெட்டை சுட்டதால் "கள்ளம்" என்றார்கள். எங்கட குழுவில் இருக்கிற பெண்பிள்ளைகள் இதை வாசித்துவிட்டு ஆச்சரியப்படவே இல்லை. மைக்கைத் திறந்தால் வருகிற கதைகளுக்குப் பயந்து மைக்கை மூடிவைத்து விளையாடுகிறவர்கள் அவர்கள். கவுன்டர் ஸ்ரைக், வலோரன்ட் மாதிரிப் பேசித்தான் வெல்லக்கூடிய கேமில் மைக்கை மூடி விளையாடுவது ஒரு கையைக் கட்டிக்கொண்டு விளையாடுகிற மாதிரி. நெற் கபே காலத்திலும் பின்னேரம் முழுக்க அங்கே இருந்து பழகினவர்கள் அண்ணன்மார்தான். தங்கச்சிமாருக்கு அந்த மணித்தியாலங்கள் கிடைக்கவில்லை. திறமை என்பது பழகிய மணித்தியாலம் என்றால், அந்த மணித்தியாலத்தை ஆர் ஆருக்குக் கொடுத்தார்கள் என்பதும் திறமையின் வரலாறுதான்.

தூரத்தின் கணக்கு

மணித்தியாலம் மாதிரியே இன்னொன்றும் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. அது பிங்.

1996 முடிவில் கார்மக் குவேக்வேர்ல்ட் என்ற பதிப்பை வெளியிட்டார். சேர்வரின் பதிலுக்குக் காத்திருக்காமல், உங்கட கணினியே உங்கட அசைவை முன்கூட்டிக் கணித்துக் காட்டும். தொலைபேசி மொடெம் வைத்திருந்தவர்களும் ஒரு மாதிரி விளையாட முடிந்தது. எண்டாலும் கம்பஸில் வேகமான இணைப்பு இருந்த மாணவர்களுக்கும் வீட்டு மொடெம்காரருக்கும் இடையில் பெரிய இடைவெளி. பிங் குறைந்தவர்களைத் திட்டுவதற்கென்றே அந்தக் காலத்தில் ஒரு கெட்ட வார்த்தை இருந்தது.

அதே 1990களில் எங்கட வடக்கில் மொடெம் இல்லை, அதற்கு முதல் கரண்டே இல்லை. எங்கட பெற்றோர் குப்பிவிளக்கில் படித்த பிள்ளைகள். திரெஷ் ஃபெராரி வென்ற காலத்தில் அவரைப்போல விரைவான கை உள்ள பிள்ளை இங்கேயும் இருந்திருக்கலாம். அந்தக் கை எதில் பழகியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், அதைப் பற்றி வீட்டில் அதிகம் கதைப்பதில்லை.

இன்றைக்கும் கணக்கு முடியவில்லை. கொழும்பில் இருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2,00,000 கிலோமீற்றர் போகும். நேர்கோட்டில் கேபிள் இருந்தால்கூடப் போய்வர 27 மில்லிசெக்கன். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் கருவிகள் வேறு. இதை இயற்பியல் தீர்மானிக்கிறது, எந்தக் கெட்டிக்காரனாலும் குறைக்க ஏலாது. சிங்கப்பூரில் சேர்வருக்குப் பக்கத்தில் இருக்கிறவர் எங்களைக் கண்டு சுட்ட செய்தி வருவதற்குள் நாங்கள் சுவருக்குப் பின்னால் ஓடியிருப்போம். ஆனால் சேர்வர் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி, அவர் சுட்ட கணத்தில் அவர் திரையில் நாங்கள் எங்கே இருந்தோம் என்று பார்க்கும். அவருக்கு நியாயம். எங்களுக்கு, ஒளிந்த பிறகும் சாவு. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். அந்த மாதங்களில் எங்கட ராங்க் இறங்கியதற்கு எங்கட கையா காரணம்?

மொபைல் தம்பியின் வாதத்துக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. கண்ணாடித் திரையில் ஓட, குறிபார்க்க, சுட, துள்ள நாலு விரலைப் பிரித்து வைப்பதும், போனைச் சாய்த்துக் குறியைத் திருத்துவதும் சும்மா வருகிற காரியம் இல்லை. கேம் சில இடங்களில் குறிபார்க்க உதவி செய்வது உண்மை. ஆனால் கணினி வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு, கையில் இருக்கிற போனில், தன் விரலால் கட்டிய திறமை அது. அதை "விளையாட்டே இல்லை" என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அப்ப முடிவு என்ன?

முடிவு சொல்லாமல் தப்பினால் அறைக்குள் விடமாட்டார்கள். ஆகவே சொல்கிறோம்.

ஒரு தனி ஆளிடம் அதிகம் கேட்கிற கேம் குவேக் 3, குவேக் லைவ் வழி வந்த டூயல். ஓட்டம், மூன்று விதமான குறி, மனக்கணக்கு, காது, எதிராளியின் மனம் என்று எல்லாவற்றையும் ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஆரிலும் பழி போடாமல் செய்ய வேணும். இதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உச்சிக்கு வர அதிகம் பேரை வெல்ல வேண்டிய கேம் கவுன்டர் ஸ்ரைக். அங்கே திறமை ஒரு ஆளின் கையில் மட்டும் இல்லை, ஐந்து பேருக்கு நடுவில் இருக்கிறது. முதலாவதை வியக்கிறோம். இரண்டாவதை விளையாடுகிறோம்.

திறமை கூடிய கேம் என்று ஒன்றைப் புகழும்போது இனி இதையும் சேர்த்துக் கேட்பதாக முடிவெடுத்திருக்கிறோம்: புதிதாய் வருகிற ஒருவருக்கு அதில் நிற்க இடம் இருக்கிறதா? பழகுவதற்கு நேரமும் கரண்டும் லைனும் அவருக்கு இருந்ததா? நன்றாக விளையாடினால் நம்புவார்களா?

போன கிழமை தம்பி குவேக் லைவ் இறக்கினான். எங்கட அறை வை-ஃபையில், லானில், மூலையில் இருந்தவரோடு ஒரு டூயல். பத்து நிமிசத்தில் ஒரு முறைதான் கொன்றான். அந்த ஒரு முறைக்கு அறை முழுக்கக் கத்தியதில் பக்கத்து அறைக்காரர் வந்து கதவில் அடித்தார். அவரையும் உள்ளே கூப்பிட்டு, அடுத்த மச்சுக்கு இருத்திவிட்டோம்.